20 மண்டபம் போதும் என்ற ஊரில் 35 வந்தது எப்படி?

பொருளாதாரப் பாடப்புத்தகம் எதைப் பிரித்தாலும் வளர்ச்சிக்கு ஒரு அதிகாரம் இருக்கும், ஏற்ற இறக்கத்துக்கு வேறொரு அதிகாரம் இருக்கும். முதல் அதிகாரத்தில் கோடு வழுக்கிக்கொண்டு மேலே போய் ஒரு நிதானத்துக்கு வந்துவிடும். இரண்டாவதில் அதே பொருளாதாரம் மேலும் கீழும் ஆடும், காரணம் கேட்டால் ஒரு போரோ எண்ணெய் விலையோ புதுத் தொழில்நுட்பமோ வெளியிலிருந்து வந்து இடித்ததாகச் சொல்வார்கள். நான் கணக்கு வாத்தியார், மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேலை. எம்.ஏ. பொருளியல் பிள்ளைகளுக்கு வகைக்கெழுச் சமன்பாடு நடத்த வருஷாவருஷம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப் போயிருந்தபோது அந்தத் துறை நண்பர் ஒருவர் டீ குடித்துக்கொண்டே, "வளர்ச்சி உள்ளே இருந்து வருவது சார், ஆட்டம் வெளியே இருந்து வருவது. இதை மட்டும் பிள்ளைகள் மண்டையில் ஏற்றிவிட்டால் போதும்" என்றார். நல்ல மனிதர், நிறையப் படித்தவர். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குச் செரிக்கவே இல்லை. ஒரு கட்டடத்தையோ ஆலையையோ கட்டி முடிக்க நாளாகும் என்ற ஒரே ஒரு சங்கதியை வளர்ச்சிக் கணக்குக்குள் சேர்த்துவிட்டால், யாரும் வெளியிலிருந்து இடிக்காமலே அது ஆட ஆரம்பிக்காதா? இதுதான் என் சந்தேகம். இன்னும் முழுசாகத் தீரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தச் சந்தேகம் புத்தகம் படித்து வந்ததும் இல்லை. என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், நத்தம் சாலையில் ஊமச்சிகுளம் பக்கம் கல்யாண மண்டபம் கட்டினார். நத்தம் சாலை மேம்பாலத்தை 2023 ஏப்ரலில்தான் திறந்தார்கள், ஆனால் பாலம் வரப்போகிறது என்ற பேச்சு அடிபடத் தொடங்கியபோதே அந்தப் பக்கம் மண்டபக் கனவு எல்லோருக்கும் வந்துவிட்டது. கட்டலாமா வேண்டாமா என்று அண்ணன் யோசித்தபோது அவர் செய்த ஆராய்ச்சி ஒன்றே ஒன்றுதான். தெரிந்தவர் ஒருவருடைய மண்டபத்துக்குப் போய் புக்கிங் டைரியைப் பார்த்தார். என்னையும் கூட்டிப்போயிருந்தார். பச்சை அட்டை போட்ட நீள டைரி, முனையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. ஆடியும் மார்கழியும் வெள்ளைத் தாள். தை, வைகாசி, ஆவணிப் பக்கங்களில் எழுத இடமே இல்லை. வளர்பிறை முகூர்த்தம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு ஊர், அட்வான்ஸ் தொகை, அதற்குக் கீழே சிவப்பு மையில் இன்னும் இரண்டு மூன்று பெயர்கள். முதலில் எழுதியவர் விட்டுக்கொடுத்தால் இவர்களுக்கு. அண்ணன் அந்தச் சிவப்பு மையை விரலால் தட்டிக்காட்டி, "பாத்தியாடா தம்பி, பொண்ணு கெடச்சாலும் மண்டபம் கெடைக்க மாட்டேங்குது" என்றார்.

அதற்கப்புறம் பட்டாவில் உட்பிரிவு, வரைபட அனுமதி, வங்கிக் கடன், அஸ்திவாரம், தூண், சென்ட்ரிங், லிஃப்ட், ஜெனரேட்டர் என்று இழுத்து, பால் காய்ச்சும்போது மூன்று வருஷம் ஓடியிருந்தது. அதற்குள் அதே சாலையில் வரிசையாக மண்டபங்கள். எல்லோரும் ஏதோ ஒரு டைரியில் அதே சிவப்பு மையைப் பார்த்தவர்கள்தான். முதல் வருஷமே வாடகையை இறக்க வேண்டியதாயிற்று. டீசல் இலவசம், மணமேடை அலங்காரத்தில் பாதி நம்ம செலவு, ஐயருக்கு ஏ.சி. ரூம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார். ஏன் இப்படி ஆச்சு என்று கேட்டால் கொரோனாவில் 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்றார்களே அதுதான் என்பார், ஜிஎஸ்டி என்பார், தங்கம் விலை ஏறிப்போச்சு என்பார், ஒருநாள் கோபத்தில் பஞ்சாங்கக்காரர்கள் முகூர்த்த நாளைக் குறைத்துவிட்டார்கள் என்றுகூடச் சொன்னார். கொரோனா இடித்தது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் வாடகை இறங்கத் தொடங்கியது அதற்கும் முந்தி.

டைரியில் இல்லாத கணக்கு

சரி, எக்செல்லைத் திறந்தேன். ஒரு ஊருக்கு 100 மண்டபம் தேவை, இருப்பது 80 என்று வைத்துக்கொள்வோம். பற்றாக்குறை 20. ஒவ்வொரு வருஷமும் அன்றைய பற்றாக்குறையில் பாதி அளவுக்குத்தான் புது மண்டபங்கள் கட்ட ஆரம்பிக்கிறார்கள். பேராசைக்காரர்கள் இல்லை, பாதிதான். கட்டி முடிக்க 3 வருஷம். முதல் வருஷம் பற்றாக்குறை 20, அதனால் 10 மண்டபத்துக்குப் பூஜை போடுகிறார்கள். இரண்டாம் வருஷமும் ஒன்றும் திறக்கவில்லை, பற்றாக்குறை அதே 20, இன்னொரு 10. மூன்றாம் வருஷமும் அப்படியே 10. நான்காம் வருஷம் முதல் 10 திறக்கிறது, பற்றாக்குறை 10 ஆகக் குறைகிறது, அதில் பாதியாக 5 பேர் பூஜை போடுகிறார்கள். ஐந்தாம் வருஷம் இன்னொரு 10 திறந்து பற்றாக்குறை தீர்ந்தது, புதிதாக யாரும் ஆரம்பிக்கவில்லை. எல்லாம் சுபம் என்று தோன்றும் அந்த வருஷத்தில் இன்னும் 15 மண்டபம் பாதி எழும்பி நிற்கிறது. அவையும் திறந்தாக வேண்டும், வங்கி வட்டி ஓடுகிறதே. ஆக 20 தேவைப்பட்ட ஊரில் 35 வந்து நிற்கிறது. கணக்கில் தப்பு செய்தவர் எவருமில்லை, வெளியிலிருந்து எதுவும் வந்து இடிக்கவும் இல்லை.

ஊர் வளர்கிறதே, அந்த 15 வீணாகாதே என்று கேட்கலாம். வீணாகாதுதான். வருஷத்துக்கு 3 மண்டபம் என்ற அளவில் தேவை வளர்ந்தால் உபரி கரைய 5 வருஷம். அந்த 5 வருஷமும் யாரும் புதிதாகக் கட்ட மாட்டார்கள், கொத்தனார்கள் திருப்பூர், கேரளா என்று போய்விடுவார்கள். அப்புறம் ஒரு தை மாதம் மண்டபம் கிடைக்காமல் யாரோ அலைவார்கள், மறுபடி சிவப்பு மை. வேகமாக வளரும் ஊரில் இந்த ஆட்டம் கண்ணுக்கே படாது, உபரியை வளர்ச்சி விழுங்கிவிடும். வளர்ச்சி மந்தமாகும்போதுதான் வெளியே தெரியும். ஏற்ற இறக்கத்தை வளர்ச்சியிலிருந்து பிரித்துத் தனி அதிகாரமாக நடத்துவது எனக்கு ஒப்பாதது இதனால்தான்.

கலெட்ஸ்கியின் ஏழு மாதம்

இதெல்லாம் நான் கண்டுபிடித்ததில்லை, சொல்லப்போனால் பாடப்புத்தகங்களில் வளர்ச்சி அதிகாரத்துக்கு அடிப்படையான, பொருளியலாளர் ராபர்ட் சோலோவின் வளர்ச்சி மாதிரிக்கும் முந்தியது. போலந்துக்காரரான மிஹாவ் கலெட்ஸ்கி 1933-இல் போலிஷ் மொழியில் எழுதி, 1935-இல் எக்கனாமெட்ரிகா இதழில் ஆங்கிலத்தில் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் பேசுகிறது. முறையாகப் பொருளாதாரம் படித்தவர் இல்லை அவர், பொறியியல் படிப்பில் சேர்ந்து பாதியில் விட்டவர். ஒருவேளை அதனால்தான் அவருக்கு இது கண்ணில் பட்டது என்று எனக்கு ஒரு எண்ணம். முதலீடு என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்வதை அவர் மூன்றாகப் பிரித்தார். இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுப்பது ஒன்று, அது உருவாகிக்கொண்டிருப்பது ஒன்று, கைக்கு வந்து சேர்வது ஒன்று. மூன்றுக்கும் நடுவில் காலம் ஓடுகிறது. சராசரித் தாமதம் 0.6 ஆண்டு, அதாவது ஏழு மாதம் என்று எடுத்துக்கொண்டார். அந்த ஏழு மாதத் தாமதத்திலிருந்து அவருடைய சமன்பாட்டில் வெளிவந்த சுழற்சியின் நீளம் ஏறக்குறைய 10 ஆண்டு! நானே மற்ற எண்களையும் போட்டுச் சரிபார்த்தேன், 9.9 வருகிறது. ஏழு மாதத்துக்கும் பத்து ஆண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் நம்பக் கஷ்டமாக இருந்தது.

சம்பந்தம் எங்கே இருக்கிறதென்றால், கட்டும் காலமும் கட்டி முடித்த காலமும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்கின்றன. கட்டும்போது சிமென்ட் கடைக்காரருக்கு வியாபாரம், கம்பி வளைப்பவருக்குக் கூலி, அந்தக் கூலியில் அவர் மகளுக்குக் கல்யாணம், அந்தக் கல்யாணத்துக்கும் ஒரு மண்டபம். லாபம் ஏறுகிறது, ஏறும் லாபம் இன்னும் ஆர்டர் போடத் தூண்டுகிறது. கட்டி முடித்ததும் அந்தச் செலவு நின்றுபோகிறது, அதே நேரம் புதுக் கட்டடம் பழைய கட்டடங்களின் வாடகையைத் தின்ன ஆரம்பிக்கிறது. முதலீட்டின் சோகமே அது பயனுள்ளதாக இருப்பதால் நெருக்கடியைக் கொண்டுவருவதுதான் என்று 1939-இல் கலெட்ஸ்கி எழுதினார். அண்ணன் மண்டபம் கட்டிய மூன்று வருஷமும் ஊமச்சிகுளத்தில் டீக்கடைகூட அமோகமாக ஓடியது. மண்டபம் திறந்தபின் டீக்கடைக்காரர் கடையை ஒத்தக்கடைப் பக்கம் மாற்றிவிட்டார். (கலெட்ஸ்கி 1960 வாக்கில் நம் நாட்டுக்கும் வந்து, மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு எங்கிருந்து பணம் திரட்டுவது என்பது பற்றி எழுதிவிட்டுப் போனார். அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.)

கலெட்ஸ்கி செய்த ஒரு காரியம் மட்டும் எனக்கும் உறுத்தும். சுழற்சி தேயவும் கூடாது பெருகவும் கூடாது, ஒரே அளவில் ஓட வேண்டும் என்று முதலிலேயே நிபந்தனை போட்டு, அதற்குத் தக்க எண்களைத் தேர்ந்துகொண்டார். நார்வேப் பொருளியலாளர் ராக்னர் ஃபிரிஷ் இதை ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளே இருக்கும் ஆட்டம் தானாகத் தேய்ந்துவிடக் கூடியது, வெளி அதிர்ச்சிகள் அதை விடாமல் ஆட்டிக்கொண்டிருக்கின்றன என்பது அவர் கட்சி. குழந்தைகள் ஏறி ஆடும் மரக்குதிரையைத் தடியால் அடித்தால், அடி எப்படிக் கண்டபடி விழுந்தாலும் குதிரை தன் தாளத்தில்தான் ஆடும் என்று 1933-இல் அவர் சொன்ன உதாரணம் பிரபலம். அடிப்பது வெளியே இருக்கலாம், தாளம் உள்ளேதான் இருக்கிறது. என் நண்பர் அடியை மட்டும் பார்க்கிறார் என்பது என் குறை.

தாளம் எங்கிருந்து வருகிறது என்று காட்ட இருப்பதிலேயே எளிய சமன்பாடு ஒன்று உண்டு. சமநிலையிலிருந்து நாம் எவ்வளவு விலகியிருக்கிறோமோ அதைச் சரிசெய்ய முயல்கிறோம், ஆனால் நம் செயல் பலன் தருவது கொஞ்சம் காலம் கழித்து. இதில் எண்கள் இரண்டுதான். ஒன்று தாமதம், இன்னொன்று நாம் எவ்வளவு வேகமாகத் திருத்தப் பார்க்கிறோம் என்ற ஆத்திரம். (புத்தகத்தில் எதிர்வினைக் கெழு என்று போட்டிருக்கும், எனக்கு ஆத்திரம்தான் பிடித்திருக்கிறது.) இரண்டையும் பெருக்க வேண்டும். பெருக்குத்தொகை 0.37-க்குள் இருந்தால் ஆட்டமே இல்லாமல் சமநிலைக்கு வந்துசேரும். அதைத் தாண்டினால் ஆடும், ஆனால் தேய்ந்துவிடும். பை (π) என்ற எண்ணில் பாதி, அதாவது 1.57-ஐத் தாண்டினால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். சரியாக அந்த எல்லையில் நின்றால் ஆட்டம் நிற்காமல் ஓடும், ஒரு முழுச் சுற்றின் நீளம் தாமதத்தைப் போல 4 மடங்கு. டச்சுப் பொருளியலாளர் யான் டின்பர்கன் 1931-இல் கப்பல் கட்டும் தொழிலை இப்படியொரு சமன்பாட்டில் வைத்துப் பார்த்தார். ஆர்டருக்கும் கப்பல் கடலில் இறங்குவதற்கும் இடையில் இரண்டு ஆண்டுக்குள் ஒரு தாமதம், கிடைத்த சுழற்சி ஏறத்தாழ 8 ஆண்டு. என் மண்டபக் கணக்கில் ஆத்திரம் வருஷத்துக்கு 0.5, தாமதம் 3, பெருக்கினால் 1.5. எல்லையை உரசிக்கொண்டு நிற்கிறது.

பெருக்கல் என்பதுதான் இதில் விசேஷம். பெரியாறு-வைகைப் பாசனத்தில் பேரணையில் மதகைத் தூக்கினால் கள்ளந்திரி தாண்டி மேலூர்க் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச்சேர நாளாகும். கடைமடைக்காரர் இன்னும் வரவில்லையே என்று போன் போடுகிறார், மதகில் இருப்பவர் மனசு கேட்காமல் இன்னும் கொஞ்சம் தூக்குகிறார், மறுநாளும் போன், மறுநாளும் தூக்கல். கடைசியில் எல்லாம் சேர்ந்து வரும்போது கரை உடைகிறது. அவர் சோம்பேறியாக இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அண்ணனின் சாலையிலும் இதேதான், தாமதத்தைப் பாதியாக்கினாலும் சரி, ஆத்திரத்தைப் பாதியாக்கினாலும் சரி, பலன் ஒன்று. ஒற்றைச்சாளர அனுமதி கொண்டுவந்து தாமதத்தைக் குறைத்தோம் என்று பெருமையாகச் சொல்வார்கள், கூடவே கடன் கொடுப்பதையும் சுலபமாக்குவார்கள். பெருக்குத்தொகை இருந்த இடத்திலேயே இருக்கும்.

சோலோவுக்கு ஏன் ஆட்டம் வரவில்லை

இவ்வளவையும் நண்பரிடம் கொட்டியபோது அவர் நிதானமாக, "சரி சார், அப்போ 1956-இல் சோலோ போட்ட மாதிரியிலேயே தாமதத்தைச் சேர்த்துக் காட்டுங்கள், ஆடுகிறதா பார்ப்போம்" என்றார். நியாயமான சவால். உற்பத்தியில் ஒரு நிலையான பங்கைச் சேமித்து முதலீடு செய்கிறார்கள், இருக்கும் மூலதனம் ஆண்டுதோறும் தேய்கிறது, இரண்டும் சமமாகும் இடத்தில் நிதானம். இதில் நேற்றைய மூலதனம்தான் இன்றைய உற்பத்திக்கு உதவும் என்று தாமதத்தை நுழைத்துப் பார்த்தேன். ஆடவே இல்லை. தாமதத்தை எவ்வளவு நீட்டினாலும் சமநிலை கலையவில்லை, போய்ச்சேர நேரம்தான் கூடுகிறது. இன்னொரு விதமும் உண்டு. கட்டிக்கொண்டிருக்கும் மூலதனம் தேயாது, திறந்த பிறகுதான் தேயும் என்று தேய்மானத்திலும் தாமதத்தை வைத்தால் நான் சொன்ன அந்த எளிய சமன்பாடு அச்சு அசலாகக் கிடைக்கிறது. தேய்மானம் ஆண்டுக்கு 10 சதவீதம், வருமானத்தில் மூலதனத்தின் பங்கு மூன்றில் ஒன்று, மக்கள்தொகை மாறவில்லை என்று வைத்துக்கொண்டால் ஆத்திரம் 0.067. எல்லையைத் தொட வேண்டுமானால் தாமதம் கிட்டத்தட்ட 23½ ஆண்டு இருக்க வேண்டும். எந்த ஆலையைக் கட்ட 23 ஆண்டு ஆகும்? (தோப்பூரில் 2019 ஜனவரியில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியதைப் பார்த்தவர்கள் இங்கே சிரித்துக்கொள்ளலாம்.)

அந்த அளவில் நண்பர் ஜெயித்தார். ஆனால் ஏன் ஆடவில்லை என்று பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சோலோவின் உலகத்தில் யாருக்கும் ஆத்திரமே கிடையாது. அவர்கள் வாடகையைப் பார்த்து முதலீடு செய்வதில்லை, டைரியைப் புரட்டுவதில்லை, நல்ல காலமோ கெட்ட காலமோ வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று எடுத்துவைத்துவிட்டுத் தூங்கப்போகிறார்கள். தாமதம் துரத்துகிறவனைத்தான் ஆட்டிவைக்கும். யாரும் துரத்தாத மாதிரியை எடுத்துக்கொண்டு, பார் இதில் ஆட்டம் வரவில்லை, அதனால் ஆட்டம் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்று சொல்வது எனக்குச் சரியான வாதமாகப் படவில்லை. பொருளியலாளர்கள் கிட்லண்டும் பிரெஸ்காட்டும் 1982-இல் கட்டும் காலத்தைத் தங்கள் மாதிரியில் வைத்தார்கள், நான்கு காலாண்டு என்று. நண்பர் அதைத்தான் அடிக்கடி எடுத்துப்போடுவார். அதிலும் ஆட்டத்தைக் கிளப்பிவிடுவது தொழில்நுட்ப அதிர்ச்சி, கட்டும் காலம் அந்த அதிர்ச்சியை நீட்டித்துக் கொடுக்கும் பக்கவாத்தியம் மட்டும். மறுபக்கம் பொருளியலாளர் ரிச்சர்ட் குட்வின் 1967-இல் எழுதிய வளர்ச்சிச் சுழற்சியில் தாமதமே இல்லாமல் ஆட்டம் வருகிறது. வேலைவாய்ப்பு ஏறினால் கூலி ஏறும், கூலி ஏறினால் லாபம் குறைந்து முதலீடு சுணங்கும், வேலை குறையும். ஆக, ஆட்டத்துக்குத் தாமதம் கட்டாயமும் இல்லை, தாமதம் மட்டும் இருந்தால் போதும் என்பதும் இல்லை. ஒன்று இன்னொன்றைத் துரத்த வேண்டும்.

ஒரு பத்தி சேர்த்தபோது

இந்த மண்டபக் கணக்கை எம்.ஏ. வகுப்பில் பலகையில் எழுதிப்போட்டேன். ஆண்டு, பற்றாக்குறை, புதிதாக ஆரம்பிப்பவை, திறப்பவை என்று நான்கு பத்தி. 35 என்று முடித்ததும் வழக்கம்போல யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று சாக்பீஸைக் கீழே வைத்தேன். மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண், "சார், ரெண்டாவது வருஷம் பூஜை போடுறவருக்கு, போன வருஷம் பத்துப் பேர் ஆரம்பிச்சது தெரியாதா? ரோட்டுல தூண் நிக்குமே" என்றாள்.

நிற்கும்தான். சரி, ஐந்தாவதாக ஒரு பத்தி போடு என்றேன், கட்டிக்கொண்டிருப்பவை. பற்றாக்குறையிலிருந்து அதைக் கழித்து, மிச்சத்தில் பாதி அளவுக்குத்தான் புதிதாக ஆரம்பிப்பார்கள். வேறு எதையும் மாற்றவில்லை, அதே 3 வருஷம், அதே பாதி. முதல் வருஷம் 10. இரண்டாம் வருஷம் பற்றாக்குறை 20, எழும்பி நிற்பது 10, மிச்சம் 10, ஆரம்பிப்பது 5. அடுத்து மிச்சம் 5, ஆரம்பிப்பது இரண்டரை. (அரை மண்டபம் எப்படி சார் என்று ஒருவன் கேட்டான், மினி ஹால் என்று பதில் வந்தது பின்வரிசையிலிருந்து.) அப்படியே பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போய், மொத்தம் கூட்டினால் 20. ஒன்றுகூட அதிகமில்லை. ஆட்டம் இருந்த இடமே தெரியவில்லை. தாமதம் ஒரு நாள்கூடக் குறையவில்லை, ஆத்திரமும் குறையவில்லை, ஒரு பத்தி மட்டும் கூடியிருக்கிறது. கலெட்ஸ்கியைப் படித்ததிலிருந்து தாமதம்தான் ஆட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இப்போது தாமதத்துக்குள் மறைந்திருப்பதைக் கணக்கில் சேர்க்காததுதான் ஆட்டுகிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் செய்ய வேண்டிய காரியம் வேறு வேறு.

இதைப் பரிசோதனையாகவே செய்து பார்த்தவர் ஜான் ஸ்டெர்மன். எம்.ஐ.டி.யில் நெடுநாளாக ஆடப்படும் பீர் விநியோக விளையாட்டை வைத்து 1989-இல் எழுதினார். கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு பேர், ஆர்டர் போட்டால் சரக்கு வரச் சில வாரம். வாடிக்கையாளரின் தேவை வாரத்துக்கு 4 பெட்டியிலிருந்து ஒரே ஒரு முறை 8 பெட்டிக்கு ஏறும், அப்புறம் அசையவே அசையாது. அவ்வளவுதான் அதிர்ச்சி. ஆனாலும் ஆலையின் ஆர்டர் தாறுமாறாக ஏறி இறங்கும், ஏனென்றால் ஆடுகிறவர்கள் வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கைக் கிட்டத்தட்ட மறந்தே போகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் தேவை எப்படி இருந்திருக்கும் என்று கேட்டால், வாடிக்கையாளர்தான் கன்னாபின்னாவென்று மாறியிருப்பார் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறார்கள். அண்ணனின் பஞ்சாங்கக்காரரை நினைத்துக்கொண்டேன்.

அப்படியானால் அந்த ஐந்தாவது பத்தியை யாராவது எழுதி வைத்துவிட்டால் தீர்ந்ததா? இங்கே எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. விவரம் தெரிந்தவர்கள் எதிர்காலத்தையும் கணக்கில் எடுத்துத்தான் முடிவெடுப்பார்கள், இப்படிப்பட்ட சுழற்சி நிலைக்காது என்ற வாதம் 1961-இல் ஜான் மூத் எழுதியதிலிருந்தே இருக்கிறது. ஆனால் பொறியியல் படிப்பைப் பாருங்கள். ரிச்சர்ட் ஃபிரீமன் 1976-இல் அமெரிக்கப் பொறியாளர்களின் சம்பளத்தையும் சேர்க்கையையும் வைத்து இதே ஆட்டத்தைக் காட்டினார். படிப்புக்காலம் 4 வருஷம், இன்றைய சம்பளத்தைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் நாளைய சந்தைக்கு மொத்தமாக வந்து இறங்குவார்கள். இதில் கட்டிக்கொண்டிருப்பவை என்ற பத்தியில் ரகசியமே இல்லை. முதலாண்டு, இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு என்று ஒவ்வொரு கல்லூரியிலும் தலைகள் எண்ணித்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனாலும் கவுன்சலிங் நேரத்தில் என்னிடம் வரும் அப்பா அம்மாக்கள் கேட்கும் கேள்வி, "சார், இப்ப எதுக்கு மவுசு?" இப்ப என்ற சொல்லை விட்டுவிட்டு ஒருவர்கூட இதுவரை கேட்டதில்லை. அண்ணனும் தினம் அந்தச் சாலையில்தான் பைக்கில் போனார், தூண்களைப் பார்த்தார். குடோனாக இருக்கும் என்று நினைத்தாராம், மண்டபம் என்று தெரிந்த பிறகும் "அவன் பார்க்கிங் விடலடா, நம்ம கூட போட்டி போட முடியாது" என்றார். பார்ப்பது வேறு, கழிப்பது வேறு. வாடகை என்பது இன்றைய நிலவரத்தை மட்டும் சொல்லும் எண், எழும்பி நிற்கும் தூணுக்கு அதில் இடமில்லை. சொந்த நிலம் வைத்துக்கொண்டு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கட்டுகிறவரிடம் போய் ஊர்க்கணக்கைப் பாருங்கள் என்றால் அவர் ஏன் பார்க்க வேண்டும்? எனக்குத் தெரிந்து அந்தப் பத்தியைப் பார்க்க வேண்டியவர்கள் கடன் கொடுக்கிறவர்கள். ஆனால் ஒவ்வொரு வங்கியும் தான் கொடுத்த கடனை மட்டுமே எண்ணும்.

கேள்வி கேட்ட பெண் இதையே தன் புராஜெக்ட்டாக எடுத்துக்கொண்டாள். ரிங் ரோட்டிலும் நத்தம் சாலையிலும் எழும்பி நிற்பவற்றை எண்ணப்போனவள் ஒரு சிக்கலோடு திரும்பினாள். சில தூண்கள் வருஷக்கணக்காக அப்படியே நிற்கின்றன, கம்பி துருப்பிடித்து, மேலே தார்ப்பாய் கட்டி. பங்காளிச் சண்டை, கடன், வழக்கு. இவற்றைக் கட்டிக்கொண்டிருப்பவை என்று எழுதுவதா? நான் உற்சாகமாக, இதனால் ஊருக்கு நன்மைகூட உண்டு என்று ஆரம்பித்தேன். எல்லோருக்கும் கறாராக 3 வருஷம் என்றால்தான் அந்த 1.57 எல்லை. சிலர் சீக்கிரம், சிலர் தாமதம் என்று முடிக்கும் காலம் அடுக்குக்குறி வடிவில் (நிறையப் பேர் சீக்கிரமே முடித்து, நாளாக ஆக முடிப்பவர்கள் குறைந்துகொண்டே போகும் வடிவம்) சிதறிக்கிடந்தால், சராசரி அதே 3 வருஷமாக இருந்தாலும் ஆட்டம் ஒருபோதும் பெருகாது, ஆத்திரம் எவ்வளவு இருந்தாலும் சரி. எல்லோரும் ஒரே நேரத்தில் திறப்பதுதான் ஆபத்து.

நண்பர் விடுவாரா? "அடுக்குக்குறிச் சிதறல் என்றால் பூஜை போட்ட மறுவாரமே திறந்துவிடுகிற மண்டபமும் நிறைய இருக்குமே சார், எந்த ஊரில் அப்படி?" என்றார். இந்தத் தடவை அவர் சொன்னது முழுக்கச் சரி. அனுமதி ஒரு கட்டம், கட்டுமானம் ஒரு கட்டம் என்று இரண்டு சமமான கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் அப்படிச் சிதறுவதாக எடுத்துக்கொண்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். எல்லை திரும்ப வந்துவிட்டது, ஆனால் 1.57 இல்லை, 4. கட்டங்களைக் கூட்டக் கூட்ட அது 1.57-ஐ நோக்கி இறங்கிக்கொண்டே வரும். நம் சாலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்ல முடியாது. அந்தப் பெண்ணிடம் எத்தனை மண்டபம் என்று எண்ணுவதை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றும் அனுமதி வாங்கிய தேதி, பூஜை போட்ட தேதி, முதல் முகூர்த்தம் நடந்த தேதி மூன்றையும் விசாரித்து வரச் சொல்லியிருக்கிறேன். அண்ணனுடைய தேதிகளை நானே கொடுத்துவிட்டேன்.